மூளைக்குள் கட்டிய ரத்தத்தை ரோபோ துணையோடு எடுப்பது எப்படி

ரோபோ என்றதும், இயந்திரக் கை தானாகவே மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூளை ரத்தக்கசிவில் அது செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். சிடி படத்தில் டாக்டர் போட்ட கோட்டை நோயாளியின் தலைமேல் கொண்டுவந்து காட்டும். ட்ரில்லும் குழாயும் அந்தக் கோட்டை விட்டு விலகாதபடி அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். எலும்பில் துளை போடுவது, மூளையின் மேல்உறையைத் திறப்பது, ரத்தத்தை உறிஞ்சுவது, டிரெயின் (மிச்ச ரத்தம் வடிவதற்கான மெல்லிய குழாய்) வைப்பது எல்லாம் மனிதக் கை.

அந்த ஒரு வேலையின் மதிப்பு பெரியது, சந்தேகமில்லை. ஆனால் நோயாளி எழுந்து உட்காருவாரா என்பதைப் பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் நடப்பவைதான் தீர்மானிக்கின்றன. எந்தக் கட்டியைத் தொடுவது, எப்போது தொடுவது, எந்தத் திசையில் நுழைவது, எவ்வளவு மெதுவாக உறிஞ்சுவது, அடுத்த மூன்று நான்கு நாள் அந்த டிரெயினை எப்படிப் பார்த்துக்கொள்வது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

பல வருடம் கட்டுப்படாமல் இருந்த பிபி, மூளையின் ஆழத்துக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவரை நைந்துபோகச் செய்கிறது. பெரிய தமனியிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் குழாய்கள் என்பதால் அழுத்தத்தை நேரடியாக வாங்குபவை இவை. அதனால்தான் மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்ளியா, தாலமஸ் என்ற பகுதிகள், மூளைத்தண்டு, சிறுமூளை ஆகிய இடங்களில் கசிவு அதிகம். முதியவர்களுக்கு மூளையின் மேற்பரப்புக்கு அருகில் வருவது பெரும்பாலும் வேறு வகை. குழாய்ச் சுவரில் அமிலாய்டு புரதம் படிவதால் வருவது. இரண்டிலும் சேதம் இரண்டு கட்டமாக நடக்கிறது. ரத்தம் பாய்ந்து மூளை நரம்பிழைகளைக் கிழிப்பது முதல் கட்டம். அதை எந்த ஆபரேஷனாலும் திருப்ப முடியாது. பிறகு கட்டி சுற்றுப்புறத்தை அழுத்துகிறது. அது உடையும்போது வெளிவரும் த்ராம்பின், ஹீமோகுளோபின், இரும்பு ஆகியவை பக்கத்து மூளையை நாள்கணக்கில் வீங்கவைக்கின்றன. கட்டியை எடுப்பதன் நோக்கம் இந்த இரண்டாவது கட்டத்தைக் குறைப்பது.

அப்படியானால் மண்டையைத் திறந்து எடுத்துவிடலாமே? அதைத்தான் பல காலம் செய்தார்கள். 2005-ல் வெளிவந்த ஸ்டிச் ஆய்வில் 1,033 நோயாளிகள் இருந்தார்கள். சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களுக்கும் முதலில் மருந்தோடு கவனித்தவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆழத்தில் இருக்கும் கட்டியை எட்ட நல்ல மூளையை வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. எடுத்ததால் கிடைத்த லாபத்தைப் போன வழி விழுங்கிவிடுகிறது. சிறு துளை வழியாகப் போகும் யோசனை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. யோசனை பழையதுதான். சுவீடனில் பேக்லண்டும் வான் ஹோல்ஸ்டும் 1978-லேயே, தலையில் பூட்டிய சட்டத்தின் உதவியோடு, உள்ளே திருகு வைத்த குழாயால் கட்டியை உடைத்து எடுத்தார்கள். ரோபோ கை மூளை ஆபரேஷனுக்குள் வந்தது 1985-ல், அமெரிக்காவில் ஒரு பயாப்ஸிக்காக, அதாவது சோதனைக்குத் திசு எடுப்பதற்காக. பூமா என்ற தொழிற்சாலை ரோபோவைக் கொண்டு. பெய்ஜிங்கில் கடற்படை மருத்துவமனையும் பெய்ஹாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1990-களின் இறுதியிலேயே தலையில் சட்டம் பூட்டாத ரோபோ முறையைக் கையாளத் தொடங்கின. இன்று இந்த நோய்க்கு ரோபோவை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் சீனா முன்னணியில் இருக்கிறது. அங்கே 2018-ல் அனுமதி பெற்ற ரெமிபாட்டும், பிரான்சின் மோன்பெலியே நகரில் உருவான ரோசாவும் பரவலாகத் தெரிந்த பெயர்கள். இரண்டுமே ஆறு மூட்டுள்ள ஒற்றைக் கை.

இனி, யாருக்குச் செய்யலாம் என்பது. முதலில் கட்டியின் அளவு. சிடி படத்தில் கட்டி பெரிதாகத் தெரியும் அடுக்கை எடுத்து அதன் நீளத்தை அளக்க வேண்டும். அதே அடுக்கில் குறுக்கே அகலம். எத்தனை அடுக்குகளில் கட்டி தெரிகிறது என்று எண்ணி அடுக்கின் தடிமனால் பெருக்கினால் உயரம். மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் மில்லி கிடைக்கும். நீளம் 6 செ.மீ., அகலம் 4 செ.மீ., 5 மி.மீ. தடிமனில் 8 அடுக்கு என்றால் உயரம் 4 செ.மீ.; ஆக 48 மில்லி. அடுக்குகளை எண்ணும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய அடுக்கின் பரப்பில் முக்காலுக்கு மேல் இருப்பது ஒன்று, காலுக்கும் முக்காலுக்கும் இடைப்பட்டது அரை, காலுக்குக் கீழே இருப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கோணல்மாணலான கட்டிக்கு இந்தக் கணக்கு பொய் சொல்லும். ரோபோவின் மென்பொருள் அடுக்கடுக்காக ஓரம் பிடித்து அளப்பதால் அங்கே அதையே நம்பலாம்.

அமெரிக்க இதய, பக்கவாத சங்கங்களின் 2022 வழிகாட்டுதல் சொல்வது இது: பெருமூளையில் 20 முதல் 30 மில்லிக்கு மேல் கட்டி இருந்து, நினைவுநிலை மதிப்பெண் (கிளாஸ்கோ அளவு; முழு நினைவுக்கு 15) 5 முதல் 12 வரை இருந்தால், நுண்துளை முறை உயிரிழப்பைக் குறைக்க உதவக்கூடும். பிறகு கை கால் எவ்வளவு தேறும் என்பதில் அந்த அளவு உறுதி அங்கே கொடுக்கப்படவில்லை. குடும்பத்தாரிடம் பேசும்போது இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். "உயிரைக் காப்பாற்ற" என்பதும் "பழையபடி நடக்க" என்பதும் ஒரே வாக்குறுதி கிடையாது.

கசிவுக்குப் பின்னால் ரத்தக்குழாய் முடிச்சோ பலூன்போல் வீங்கிய தமனியோ இருக்கிறதா என்று, ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ பார்க்காமல் ஊசியை எடுக்கவே கூடாது. இருந்தால் கண்மூடித்தனமாகக் குத்துவது பெரும் ஆபத்து. ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர் என்றால் முதலில் அதை முறிக்க வேண்டும். கண்மணி விரிந்து, ஒளிக்குச் சுருங்காமல், மூளை கீழே இறங்கும் அறிகுறி வந்துவிட்டவருக்கு ரோபோவை ஏற்பாடு செய்து நேரத்தைப் போக்குவது தவறு. அங்கே அழுத்தம் உடனே இறங்கியாக வேண்டும், மண்டையைத் திறப்பதுதான் வழி. சிறுமூளையில் 15 மில்லிக்கு மேல் கட்டி, மூளைத்தண்டு அழுந்துகிறது என்றாலும் அவசரத் திறப்புதான்.

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் இழுக்கிறது. கட்டி நீண்ட நேரம் இருந்தால் நச்சு வேலை செய்யும். மிக முந்திப் போனால், இன்னும் மூடிக்கொள்ளாத குழாய் திரும்பப் பீச்சும். கட்டி பெரிதாவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான். அதனால் நுண்துளை முறையில் பலர் கடைப்பிடிப்பது: முதல் சிடிக்குப் பிறகு குறைந்தது 6 மணி நேரம் கழித்து இன்னொரு சிடி. கட்டி 5 மில்லிக்கு மேல் வளரவில்லை என்றால் உள்ளே போகலாம். அதற்குள் சிஸ்டாலிக் பிபியை 140-க்கு அருகில், 130-க்கும் 150-க்கும் இடையில் ஏற்ற இறக்கமில்லாமல் வைத்திருக்க வேண்டும். பிபி 190-ல் நிற்கும்போது எத்தனை துல்லியமான ரோபோவும் உதவாது.

திட்டம் போடும் சிடி, நோயைக் கண்டுபிடிக்க எடுத்த சிடியாக இருக்கக் கூடாது. அடுக்குத் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, இடைவெளி இல்லாமல், உச்சந்தலை முதல் மூக்குவரை, ஸ்கேனர் வளையத்தைச் சாய்க்காமல் எடுத்தது வேண்டும். கண்ணைக் காப்பாற்ற வளையத்தைச் சாய்த்து எடுப்பது ஸ்கேன் அறைகளில் வழக்கம். அந்தப் படத்தை ஏற்றினால் முப்பரிமாண உருவம் நசுங்கிவிடும். ஸ்கேன் அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் நோயாளியை இரண்டாம் முறை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும்.

படம் ஏறியதும் கோடு. இங்கேதான் அனுபவம் பேசும். பேசல் கேங்ளியா கட்டி பெரும்பாலும் முன்பின்னாக நீண்டு, அவரை விதை போல இருக்கும். பக்கவாட்டில், நெற்றிப்பொட்டு வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் வழியில் சில்வியன் பிளவும் அதற்குள் நடு மூளைத்தமனியின் கிளைகளும் இருக்கின்றன. போய்ச் சேர்ந்தாலும் குழாயின் நுனி மட்டும்தான் கட்டிக்குள் இருக்கும். நெற்றியிலிருந்து கட்டியின் நீளவாட்டில் போனால் வழி நீளம், ஆனால் குழாயின் பக்கத்துளைகள் எல்லாமே ரத்தத்துக்குள் கிடக்கும். கட்டி சுருங்கச் சுருங்கக் குழாயைச் சுற்றியே சுருங்கும். தாலமஸ் கட்டிக்கும் பின்புறமாக நீண்ட கட்டிக்கும் பிடரிப் பக்கத்திலிருந்து வரலாம். மேற்பரப்புக்கு அருகில் இருக்கும் கட்டிக்கு மட்டும் மிகக் குறுகிய வழியே நல்ல வழி.

நெற்றி வழியில் நுழைவிடத்தை நடுக்கோட்டிலிருந்து 2.5 முதல் 3 செ.மீ.யாவது தள்ளி வைக்க வேண்டும். உள்ளே பெரிய சிரை ஓடுகிறது. புருவத்தை ஒட்டி மிகக் கீழே வைத்தால் நெற்றி எலும்பின் காற்றறை உடைந்து, மூக்கின் கிருமி மூளைக்கு வழி கண்டுபிடிக்கும். கோட்டைத் திரையில் நுனி முதல் அடிவரை ஒவ்வொரு அடுக்காக நகர்த்திப் பார்ப்பது அவசியம். வழியில் மூளைநீர் நிறைந்த மூளை அறை குறுக்கிட்டால் சிரிஞ்சில் தண்ணீர் போல நீர்தான் வரும், கட்டி அப்படியே இருக்கும், அறைக்குள் ரத்தமும் கசியும். கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து) கொடுத்த படத்தை இதன் மேல் பொருத்தி, கோடு எந்தச் சிரையையும் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகே அடுத்தது.

அடுத்தது ரெஜிஸ்ட்ரேஷன். படத்தில் இருக்கும் தலையும் மேசைமேல் இருக்கும் தலையும் ஒன்றுதான் என்று ரோபோவுக்குப் புரியவைப்பது. இந்த ஆபரேஷனில் தவறுகள் அதிகம் பிறக்கும் இடம் இதுவே. ஒட்டும் மார்க்கர்கள் 4 முதல் 6 வரை, ஸ்கேனுக்கு முன்பே தலையில் ஒட்டப்படும். ஒட்டுவதற்கு முன் முடியை மழித்து, எண்ணெயும் வேர்வையும் போகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டினால் திரையில் பிழை 0.5 மி.மீ. என்று அழகாகக் காட்டும். ஆனால் 8 செ.மீ. ஆழத்தில் இலக்கு பல மி.மீ. தள்ளி இருக்கும். மார்க்கர்கள் இலக்கைச் சூழ்ந்திருக்க வேண்டும், உயரமும் வேறுபட வேண்டும். புருவத்துக்கு மேலும் பிடரியிலும் தோல் எளிதில் நழுவும். தலையைப் பிடிக்கும் மூன்று முள் கிளாம்ப் இறுகும்போது அந்தத் தோல் இழுபட்டு மார்க்கரும் நகர்ந்துவிடும்.

மார்க்கர் இல்லாமல் லேசரால் முகத்தையும் நெற்றியையும் வருடிப் பொருத்தும் முறையும் உண்டு. வேகமானது. செயற்கை சுவாசக் குழாயைக் கட்டிய நாடா கன்னத்தை இழுத்திருந்தாலோ, முகம் வீங்கியிருந்தாலோ பொருந்தாது. குப்புறப் படுக்கவைத்துப் பிடரி வழியாகப் போகும்போது முகம் கைக்கே எட்டாது. அங்கே எலும்பில் பதிக்கும் சிறு திருகுகளே நம்பகமானவை. எந்த முறையானாலும் பிழை 1 மி.மீ.க்குள் வந்த பிறகும் ரோபோவின் சுட்டு நுனியை மூக்கின் வேர், கண்ணின் வெளி ஓரம், காதின் முன்மடல் ஆகிய இடங்களுக்குக் கொண்டுபோய், திரையிலும் அதே இடம்தானா என்று கண்ணால் பார்க்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பி இதை விட்டுவிடக் கூடாது. பார்த்த பிறகு மேசையை ஒரு விரற்கடை உயர்த்தினாலும், ரோபோவின் அடித்தளத்தை யாராவது இடித்தாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கிளாம்பும் ரோபோவும் ஒன்றோடொன்று பூட்டியிருப்பது இதற்காகத்தான்.

கை கோட்டில் வந்து நின்றதும் தோலில் ஒரு செ.மீ.க்கும் குறைவான கீறல் போதும். ட்ரில் வழிகாட்டிக் குழலை எலும்புக்கு மிக அருகே இறக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் ட்ரில் முனை வளையும். நெற்றி எலும்பு சரிந்திருக்கும் இடத்தில் முனை வழுக்கும். முதலில் அழுத்தாமல் சுழற்றிச் சிறு குழி விழவைத்து, பிறகுதான் அழுத்த வேண்டும். 8 செ.மீ. ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் 1 டிகிரி சாய்வு 1.4 மி.மீ. விலகல், 5 டிகிரி என்றால் 7 மி.மீ. அகலம் 2 செ.மீ. இருக்கும் கட்டியில் அது உள்ளே இருப்பதற்கும் ஓரத்தை உரசுவதற்கும் உள்ள வித்தியாசம். கட்டியின் ஓரம்தான் கசிந்த குழாய் இருக்கும் இடம்.

எலும்பு திறந்த பிறகு டியூரா என்ற தடித்த மேல்உறை. அதை மின்சூட்டால் பொசுக்கித் தெளிவாகத் திறக்காமல் மழுங்கிய குழாயால் தள்ளினால், உறை கிழியாமல் எலும்பிலிருந்து உரிந்துபோகும். அந்த இடைவெளியில் புதிதாக ஒரு ரத்தக்கட்டு சேரும். உள்ளே ஒன்றை எடுக்கப் போய் வெளியே ஒன்றை உண்டாக்கிய கதை. ஆழத்தை எதிலிருந்து அளப்பது என்பதிலும் குழப்பம் வரும். மென்பொருள் கொடுக்கும் எண் ரோபோ கையின் பிடியிலிருந்து இலக்குவரை, தோலிலிருந்து அல்ல. குழாயில் நிறுத்தியை வைக்கும்போது அந்த எண்ணை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் அளவுகோலில் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

குழாய் கட்டிக்குள் நுழையும்போது கைக்கு மெல்லிய ஒரு தளர்வு தெரியும். உள்கம்பியை எடுத்தால் பழுப்பு கலந்த கருஞ்சிவப்பில், புளிக்கரைசல் போலக் கெட்டியான திரவம் தானாகவே எட்டிப் பார்க்கும். 10 மில்லி சிரிஞ்சை மாட்டி, பிளஞ்சரை விரலால் இழுக்க வேண்டும், கையால் அல்ல. ஒவ்வொரு மில்லிக்கும் பிறகு சற்று நிறுத்தித் தொடர வேண்டும். இழுக்க வராவிட்டால் பலத்தைக் கூட்டக் கூடாது. குழாயைக் கொஞ்சம் சுழற்றலாம், 5 மி.மீ. பின்வாங்கிப் பார்க்கலாம். வேகமாக இழுத்தால் உண்டாகும் வெற்றிடம் ஓரத்து மூளையையே துளைக்குள் இழுத்துவிடும். சிரிஞ்சில் வரும் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கருஞ்சிவப்பு மாறி, பளிச்சென்று சிவப்பாக, மெல்லியதாக வந்தால் அது புதிய ரத்தம். உடனே உறிஞ்சுவதை நிறுத்த வேண்டும், பிபியைப் பார்க்க வேண்டும், உடல் வெப்பத்தில் இருக்கும் சலைனைச் சிறிது சிறிதாக விட்டு, விட்ட அளவு திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே தெளியும்வரை கழுவ வேண்டும். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் மண்டையைத் திறக்கும் பெட்டி அதே அறையில் தயாராக இருக்க வேண்டும்.

முதல் முறையிலேயே முழுக்க எடுத்துவிட ஆசைப்படக் கூடாது. முன்பு கணக்குப் போட்ட 48 மில்லியில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ வந்தாலே அழுத்தம் நன்றாக இறங்கும். மிச்சம் உறைந்த பகுதி. அது சிரிஞ்சுக்கு வராது, கரைய வேண்டும். அதற்குத்தான் அதே வழியில் மென்மையான டிரெயினை வைத்து, தோலுக்கடியில் சற்றுத் தள்ளி வெளியே எடுத்துத் தைப்பது. மேசையிலிருந்து இறக்கியதும் சிடி எடுத்து, எல்லாப் பக்கத்துளைகளும் கட்டிக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு துளை வெளியே இருந்தாலும் கரைக்கும் மருந்து நல்ல மூளைக்குள் போகும்.

மருந்தில் இரண்டு வழக்கம் உண்டு. சீனாவில் பெரும்பாலும் யூரோகைனேஸ், தடவைக்கு 20,000 முதல் 50,000 யூனிட். நுண்துளை முறையைச் சோதித்த மிஸ்டி ஆய்வுகளின் வழியில் ஆல்டிப்ளேஸ்: 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மி.கி., அதிகபட்சம் 9 டோஸ். குழாய் வைத்து 6 மணி நேரமாவது கழிந்து, சிடியில் புதுக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகே முதல் டோஸ். டிரெயின் குழாயின் உள்ளிடமே கொஞ்சம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்தை மட்டும் செலுத்திவிட்டு கிளாம்ப் போட்டால் அது குழாயிலேயே தங்கிவிடும். பின்னாலேயே சில மில்லி சலைன் விட்டுத் தள்ள வேண்டும். ஒரு மணி நேரம் மூடிவைத்துப் பிறகு திறந்துவிட வேண்டும். மருந்து உள்ளே இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நினைவு மங்கினாலோ பிபி ஏறினாலோ காத்திருக்காமல் கிளாம்பைத் திறக்க வேண்டும்.

2019-ல் வெளிவந்த மிஸ்டி 3 ஆய்வு, இந்த முறையை 30 மில்லிக்கு மேல் கட்டி இருந்தவர்களிடம் சோதித்தது. ஒரு வருடம் கழித்து ஓரளவு நன்றாக இருந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 45 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்கள் பக்கம் 41 சதவீதம். மொத்தமாகப் பார்த்தால் வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் மிச்சக் கட்டியை 15 மில்லிக்குள் கொண்டுவர முடிந்தவர்களின் நிலை மேலாக இருந்தது. கோடு சரியாக இருப்பதும், டிரெயின் சரியான இடத்தில் கிடப்பதும் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ரோபோவின் மேல் எனக்குள்ள நம்பிக்கையும் இந்த எண்ணிலிருந்து வருவதுதான். 2024-ல் வந்த என்ரிச் ஆய்வு வேறு கருவியோடு, 24 மணி நேரத்துக்குள் செய்தது. மேற்பரப்புப் பக்கத்துக் கட்டிகளில் தெளிவான பலன் கிடைத்தது. பேசல் கேங்ளியா நோயாளிகளைச் சேர்ப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், அங்கே பலன் தெரியவில்லை. ஆழத்துக் கட்டி இன்னும் கடினமான கேள்விதான்.

ஐசியூவில் செவிலியருக்குச் சொல்ல வேண்டியவை சில. டிரெயின் பை காதின் மட்டத்துக்கு அருகே, டாக்டர் சொன்ன உயரத்தில். கட்டிலை ஏற்றி இறக்கும் முன் கிளாம்ப். புரட்டிப் படுக்கவைக்கும்போது குழாயை ஒருவர் தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரெயின் வெளியே வந்துவிடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பையில் விழும் நிறத்தையும் அளவையும் மணிக்கொருமுறை குறிக்க வேண்டும். கருஞ்சிவப்பு படிப்படியாக வெளிறி இளஞ்சிவப்பாக மாறினால் சரியான பாதை. திடீரென்று பளிச் சிவப்பு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு சிடி. திடீரென்று ஒன்றுமே விழாவிட்டால் கட்டி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. குழாய் மடிந்திருக்கிறதா, துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் ஒன்றிரண்டு மில்லி சலைனுக்கு மேல் தள்ளக் கூடாது.

தினமும் ஒரு சிடி. மிச்சம் 15 மில்லிக்குள் வந்துவிட்டால் மருந்து போதும். குழாய் கிடக்கும் ஒவ்வொரு நாளும் மூளைக்காய்ச்சல் அபாயம் கூடிக்கொண்டே போகும் என்பதால், கடைசி டோஸிலிருந்து ஒரு நாள் பார்த்து, டிரெயினை எடுத்துவிடலாம். எடுத்த துளையில் ஒரு தையல் போட வேண்டும். போடாமல் பஞ்சு மட்டும் வைத்தால், மறுநாள் காலை தலையணை உறையில் மஞ்சள் ஓரத்தோடு ஈரவட்டம் தெரியும், அது மூளைநீர்.